கைமாறிய காப்பு

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலே, பனி போர்த்த ஹூட் மலையின் தோளிலே, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில் டிம்பர்லைன் என்றொரு விடுதி உண்டு. மன்னன் கட்டியதன்று, மகேசன் பெயரால் எழுந்ததுமன்று. 1930களின் பொருளாதார வீழ்ச்சியிலே வேலையிழந்து வீதியில் நின்ற தச்சரும் கொல்லரும் கல்தச்சரும், அரசின் வேலைத் திட்டத்தின்கீழ் எழுப்பிய மாளிகை அது. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்து அதனை நாட்டுக்கு உரிமையாக்கினார்.

அந்த உழைப்பாளர் மாளிகையிலிருந்துதான், ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியிலே, ஹூட் டு கோஸ்ட் எனும் தொடரோட்டம் புறப்படுகிறது. போர்ட்லாந்து நகரைக் கடந்து, கடலோரக் குன்றுகளில் ஏறி இறங்கி, பசிபிக் கரையிலுள்ள சீசைடில் முடிகிறது. தொலைவு ஏறத்தாழ 200 மைல். 1982இல் ஓடியவை 8 குழுக்கள். இன்றோ ஆயிரம் அளவில். குழுவுக்குப் பன்னிருவர், ஆளுக்கு மூன்று முறை, ஆக 36 கட்டங்கள். இரவிலும் ஓட்டம் நிற்பதில்லை. ஒருவர் ஓட, மற்றவர் வேனில் முந்திச் சென்று காத்திருப்பர். உறக்கம் புல்தரையில், உணவு கிடைத்த இடத்தில்.

நாமும் ஓடினோம். அங்கே பிழைக்கப் போன இடத்தில், அக்கம்பக்கத்தார் கூடி நடத்தும் ஓட்டக் கழகமொன்றில் சேர்ந்து, ஐம்பதைக் கடந்த வயதிலே ஓடினோம்!

இந்த ஓட்டத்தில் கோல் இல்லை. மணிக்கட்டில் தட்டினால் தானே சுருண்டு பற்றிக்கொள்ளும் ஒரு பட்டை. காப்பு என்று சொல்லலாம். ஒருவர் வியர்வையில் ஊறிய காப்பு, மறுநொடி இன்னொருவர் கையில். யார் வியர்வை, எந்தக் குலத்து வியர்வை என்று கேட்பாரில்லை. முதன்முறை அது நம் கையில் ஒட்டியபோது, நம் ஊர்த் திண்ணை நினைவுக்கு வந்தது. தாகமென்று வந்தவன் இரு கையையும் குவித்து நிற்க, பட்டுவிடாத உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிய கைகளைக் கண்டு வளர்ந்தவர் நாம். அந்தக் கைகள் நம் வீட்டாரின் கைகள்தாம்.

இதை எண்ணி நெஞ்சு நிமிர்ந்தோம், நாம் எவ்வளவோ மாறிவிட்டோமென்று! அந்தப் பெருமை நள்ளிரவு வரைதான் நிலைத்தது.

நம் குழுவிலே ஒரு செவிலி, வயது 52. குன்றுகளுக்கிடையே, தூசு கிளம்பும் சரளைப் பாதையிலே, பின்னிரவு 2 மணிக் கட்டம் அவர் பங்கு. நாம் மெல்ல அவரிடம் சென்று, "இருட்டு, தனி வழி, வேண்டுமானால் மாற்றிக்கொள்வோமே" என்றோம். அவர் காலணியின் கயிற்றை இறுக்கியபடியே, "உங்களுக்கு இருட்டென்றால் அச்சமா?" என்று கேட்டார். ஏளனமில்லை; நோயாளியிடம் கேட்பதுபோலக் கேட்டார். நெற்றி விளக்கை ஏற்றினார், போய்விட்டார்.

நாம் கூசி நின்றோம். படித்தவர்தாமே நாம்? 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லையை எட்டியதும், ஏடுகளோ அவர்கள் பாதியில் சுருண்டு விழுந்ததாக எழுதியதும், அந்தப் பொய்யின் பேரில் 1960 வரை அவ்வோட்டமே பெண்களுக்கு மறுக்கப்பட்டதும் நமக்குத் தெரியாதா? 1967இல் பாஸ்டன் மாரத்தானிலே காத்ரின் சுவிட்சர் அணிந்திருந்த எண்ணை, பொறுப்பாளர் ஒருவர் பாய்ந்து பிய்க்க முனைந்த கதை தெரியாதா? ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் 1984இல்தான் வந்தது. மடமை எப்போதும் பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கியே வருமென எண்ணாதீர். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, மருத்துவ நூலை ஏந்தியும் வரும். சில வேளை, அக்கறை எனும் பெயரில் நம் வாயிலிருந்தே வரும்.

குறித்த நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்பே அந்த நெற்றி விளக்கு வளைவில் தெரிந்தது. காப்பை நம் கையில் தட்டினார். ஓடினோம். ஓட ஓட, நம் தமக்கையின் முகம்.

பள்ளித் தொடரோட்டத்தில் மூன்றாமவர் அவர். கோல் அவர் கைக்கு வந்துவிட்டால் வெற்றி உறுதி என்பர். வயதுக்கு வந்தார், பந்தல் போட்டார்கள், சடங்கு சுற்றினார்கள். பள்ளி விளையாட்டு விழாவன்று அவர் இடத்தில் வேறொரு சிறுமி ஓடினாள். தமக்கை மூலையில் அமர்ந்திருந்தார். நாம் என்ன செய்தோம்? பந்தியில் இரண்டாம் முறை லட்டு கேட்டு வாங்கித் தின்றோம். ஏன் என்று ஒரு சொல் கேட்கவில்லை. சிறுவன்தானே என்பீர். அதன்பின் நாற்பது ஆண்டுகள் கழிந்தனவே, எந்த ஆண்டு கேட்டோம்?

சீசைடிலே பன்னிருவரும் மணலில் சேர்ந்தே எல்லைக் கோட்டைக் கடந்தோம். அன்றிரவே ஊருக்குத் தொலைபேசினோம். எல்லாம் சொன்னோம், லட்டையும் சொன்னோம். தமக்கை அதற்கொன்றும் விடை கூறவில்லை.

"அந்த அம்மாள் எவ்வளவு தூரமடா ஓடினார், தம்பி?"

"மூன்று முறையும் சேர்த்து 17 மைல், அக்கா."

"இராத்திரியிலுமா?"

"இராத்திரியிலும்தான்."

சற்றுநேரம் ஓசையில்லை. பிறகு, பேத்தி பள்ளியிலே ஓடுகிறாளென்றும், அவள் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புவதாகவும், காலணி வாங்கும்போது அரை விரல் கூடுதலாகவே வாங்கவேண்டுமென்றும், வளர்கிற கால் என்றும் சொன்னார்.