முதலில் தண்ணீர், பிறகு பெஞ்சு, அப்புறம்தான் இட்லி

நடந்து வருகிறவருக்கு வந்தவுடன் பசிக்காது. டிபன் கடை வைத்திருக்கும் பலருக்கு இது தெரிவதில்லை. ஆள் உட்காருவதற்குள் "இட்லி, வடை, பொங்கல்" என்று ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேகமாக நடந்து உடம்பு சூடேறி நிற்பவருக்கு முதலில் வேண்டியது தண்ணீர். அடுத்து, உட்கார ஓர் இடம். வியர்வை அடங்கிய பிறகுதான் வயிறு பேசும், அதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆளைத் தொந்தரவு செய்யாமலும் கைவிடாமலும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவன்தான் நடப்பவர்களுக்கு சோறு போடத் தகுந்தவன்.

என் கடை தெற்குக் கொல்கத்தாவில், டாலிகஞ்சில், சாரு மார்க்கெட் பக்கத்து சந்து ஒன்றில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்வது பெரும்பாடு. டாலிகஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் மெட்ரோ நிலையத்தின் பெயர் ரவீந்திர சரோவர். 1986-இல் மெட்ரோ வந்தபோது டாலிகஞ்ச் என்று பெயர் வாங்கிய நிலையமோ ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, அதன் பெயரும் இப்போது நடிகரின் பட்டப்பெயரோடு மகாநாயக் உத்தம் குமார் என்று மாறிவிட்டது. வழி தெரியாமல் இறங்கி நடந்து களைத்து வருகிறவர்களும் எனக்கு வாடிக்கையாளர்கள்தான்.

பிழைப்புக்கு ஆதாரம் பக்கத்திலிருக்கும் ஏரி. 1920-களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் சதுப்பு நிலத்தைத் தோண்டி வெட்டியது. தாக்குரியா ஏரி என்று இருந்ததை 1958-இல் ரவீந்திர சரோவர் ஆக்கினார்கள். நீர்ப்பரப்பு மட்டும் 73 ஏக்கர். தெற்குக் கரையில் 1935-இல் எழுந்த ஜப்பானியப் புத்தர் கோயில் இருக்கிறது, துடுப்புப் படகுக் கிளப்புகள் இருக்கின்றன. கரை முழுக்க மரம். விடியற்காலையில் தெற்குக் கொல்கத்தாவே இங்கே நடக்க வருகிறதோ என்று தோன்றும். சர்க்கரைக்காரர்கள், இதய சிகிச்சை முடிந்தவர்கள், ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், மருமகளைப் பற்றிப் பேச நாலு பேரைத் தேடும் மாஷிமாக்கள் என்கிற பெரியம்மாக்கள், சினிமா ஸ்டூடியோவில் கால்ஷீட் இருக்கிற துணை நடிகர்கள். பாதிப் பேர் நடக்க வருகிறார்கள், மீதிப் பேர் அட்டா என்கிற அரட்டை அடிக்க வருகிறார்கள். நடை ஒரு சாக்கு.

வங்காளிகளின் நடைக்குப் பிந்தைய சாப்பாடு என்ன தெரியுமா? கச்சூரி, உருளைக்கிழங்குத் தோர்க்காரி, மேலே இரண்டு ஜிலேபி. சால மர இலைத் தொன்னையில் வாங்கி நின்றபடியே முடிப்பார்கள். ஒரு மணி நேரம் நடந்து கரைத்ததை ஐந்து நிமிடத்தில் மீட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கேலி செய்யவில்லை, அந்தக் கச்சூரியை நானும் சாப்பிடுகிறவன்தான். ஆனால் டாக்டர் எண்ணெயை நிறுத்தச் சொன்ன தலைமுறை ஒன்று உருவானபோது ஆவியில் வெந்த இட்லிக்கு இங்கே இடம் கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே லேக் மார்க்கெட்டில் குடியேறிய தமிழ்க் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் அதன் ருசியை ஊருக்குப் பழக்கியிருந்தார்கள். ராமகிருஷ்ணா லஞ்ச் ஹோம், கோமளவிலாஸ் போன்ற கடைகள் போட்ட பாதையில்தான் நானும் போகிறேன். லேக் மார்க்கெட் இல்லாவிட்டால் எனக்கு வாழையிலையும் முருங்கைக்காயும் காபித்தூளும் ஏது?

இந்த ஊரில் மாவு பிடிவாதக்காரி. ஜூன் மாதம் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், நடப்பவர்கள் அதற்கும் முன்னால். ஆக, மூன்று மணிக்கு அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். அந்தப் புழுக்கத்தில் மாவு ஆறு மணி நேரத்தில் பொங்கிவிடும், கொஞ்சம் அசந்தால் புளித்து நாறும். எனவே இரவு தாமதமாக அரைத்து, உப்பையும் அப்போதே போட்டு வைப்பேன். ஜனவரியில் எல்லாம் தலைகீழ். சூரியன் ஆறேகாலுக்குத்தான் வரும். குளிர் பன்னிரண்டு, பதிமூன்று டிகிரிக்கு இறங்கும் இரவுகளில் பதினான்கு மணி நேரம் ஆனாலும் மாவு அசையாது. மதியமே அரைத்து, உப்பைப் பிறகு போட்டு, பாத்திரத்துக்குச் சாக்குச் சுற்றி அடுப்போரம் வைப்பேன். வாடிக்கையாளர்கள் குரங்குக் குல்லா மாட்டிக்கொள்வதும் நான் பாத்திரத்துக்குச் சாக்குப் போர்த்துவதும் ஒரே வாரத்தில்தான் நடக்கும்.

சாம்பாரில் புளியைக் குறைத்தேன். வெறும் வயிற்றோடு நடந்து வந்தவருக்குப் புளிப்பு நெஞ்சைக் கரிக்கும். இங்கே சாம்பாரைப் பருப்பு மாதிரிக் கிண்ணத்தில் வாங்கிக் குடிக்கிறார்கள், அதனால் நீர்க்க இருப்பதே நல்லது. தேங்காய்ச் சட்னி மே மாதத்தில் சீக்கிரம் கெட்டுப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை அரைப்போம். வடை எட்டு மணிக்கு மேல்தான். வடை வாசனை எழுந்தால் டாக்டர் சொன்னது எல்லாருக்கும் மறந்துவிடும், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

கல்லாவுக்கு அடியில் ஒரு டப்பாவில் சர்க்கரை இருக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல், வழக்கத்தைவிட ஒரு சுற்று கூட நடந்துவிட்டு வருகிற காக்கு, அதாவது சித்தப்பா, யாராவது வாரம் தவறாமல் இருப்பார். கை நடுங்கும், வியர்வை நிற்காது, பேச்சுக் குழறும். அவருக்கு மட்டும் பத்து நிமிட விதி கிடையாது. சர்க்கரைத் தண்ணீர் உடனே, இட்லி அடுத்த நிமிடம். பரிமாறுகிற பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது தட்டுத் தூக்குவதை அல்ல, இந்த முகத்தை அடையாளம் காண்பதை.

இதையெல்லாம் நான் எந்தக் கேட்டரிங் பள்ளியிலும் படிக்கவில்லை. என் ஊர் நத்தம் பக்கம். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி வழியாகப் பழனிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்கள் எங்கள் சாலையில்தான் நடப்பார்கள். நகரத்தார் காவடியும் அவ்வழிதான். சாலையோரம் பந்தல் போட்டு சோறு போடுகிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: இவர் இன்னும் நடக்க வேண்டியவரா, இன்றைய நடையை முடித்தவரா? நடக்க வேண்டியவர் என்றால் மோர், பானகம், கொஞ்சமாக எலுமிச்சை சாதமோ தயிர்சாதமோ. வயிறு நிறையக் கூடாது, நிறைந்தால் கால் ஓடாது. இராத்தங்கலுக்கு வந்துவிட்டவர் என்றால் கால் நனைக்க வெந்நீர், அப்புறம் சுடுசோறும் ரசமும், வேண்டுமட்டும். சின்ன வயதில் தொன்னை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. "கேட்டுட்டு ஊத்துடா" என்பார் பந்தல் மாமா. கேட்க வேண்டியது பசியை அல்ல, எங்கே தங்கல் என்பதை.

வங்காளத்திலும் இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிராவண மாதத்தில் கங்கை நீரைத் தோளில் சுமந்து தாரகேஸ்வர் சிவன் கோயிலுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடப்பார்கள். பழைய வழக்கம்தான், ஆனால் 1977-இல் வந்த 'பாபா தாரக்நாத்' படத்தில் சந்தியா ராய் நடந்த பிறகு கூட்டம் பெருகியது என்று எல்லாரும் சொல்வார்கள். சினிமாவுக்குப் பேர்போன டாலிகஞ்சில் கடை வைத்திருப்பதால் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வழிநெடுக ஜலசத்திரங்கள் இருக்கும். தண்ணீர், சர்பத், ஊறவைத்த கடலை, பத்தாசா என்கிற சர்க்கரை மிட்டாய். வெறும் கடலையும் சர்க்கரையும்தான், ஆனால் நடுவழியில் இருப்பவனுக்கு அதைவிடப் பொருத்தமான உணவை எவனும் கண்டுபிடித்துவிடவில்லை.

இங்கிலாந்தில் பல வருடம் டாக்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் என் கடைக்கு வருவார். அந்த ஊர்க் கிராமத்து பப்களைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் இட்லி ஆறிவிடும். அங்கே வயல்களுக்கும் குன்றுகளுக்கும் ஊடே பொது ஒற்றையடிப் பாதைகள் போகின்றன. 1965-இல் திறந்த பென்னைன் வே என்ற நடைபாதை சுமார் 430 கிலோமீட்டர். ஈடேலில் ஒரு பப்பின் அருகே தொடங்கி, ஸ்காட்லாந்து எல்லை தாண்டி இன்னொரு பப்பில் முடிகிறது. நடுவில் 528 மீட்டர் உயரத்தில் டான் ஹில் இன், பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கும் பப் அதுதான். சேறு அப்பிய பூட்ஸோடு உள்ளே வரலாம் என்று சில இடங்களில் எழுதியே வைத்திருப்பார்களாம். அது நல்ல கடைக்காரனின் புத்தி. ஆனால் பல பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கு நின்றுவிடும், பிறகு மாலைதான். மழையில் வழி தவறிப் பிந்தி வந்தவனுக்கு உருளை வறுவல் பாக்கெட் மட்டும். இது எனக்கு ஒப்பவில்லை. நடப்பவன் கடிகாரப்படி வந்து சேரமாட்டான். அதற்கு மருந்தும் அவர்களிடமே இருக்கிறது: ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய் வைத்த ப்ளோமேன்ஸ் லஞ்ச். பெயர் உழவனுடையது, பரப்பியது என்னவோ பாலாடைக்கட்டி வியாபாரிகளின் விளம்பரம், 1950-களிலும் 60-களிலும். இருக்கட்டும். அடுப்பு அணைந்த பிறகும் கொடுக்கக்கூடிய தட்டு அது. என் கடையில் அந்த இடம் தயிர்சாதத்துக்கு. பதினொரு மணிக்கு இட்லிக் கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வருகிறவருக்கும் தயிர்சாதம் உண்டு.

ஏரிக்கு வருகிறவர்கள் நடையை முடித்தவர்கள். துர்கா பூஜை இரவுகளில் வருகிறவர்கள் பாதி வழியில் இருப்பவர்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய திருவிழா. ஆனால் சமையல்காரனுக்கு அது முதலில் ஒரு மாபெரும் நடை. முதியாலி, சிவ் மந்திர் பந்தல்கள் எங்கள் பக்கத்திலேயே. சேத்லா, நியூ ஆலிப்பூரின் சுருச்சி சங்கம் என்று ஜனம் மேற்கே போகும், இன்னொரு கூட்டம் தெற்கே நாக்தலா பக்கம் போகும். போலீஸ் மூங்கில் தடுப்புக் கட்டி ஆட்களை ஒருவழியில் சுற்றவிடுவதால் ஒரு கிலோமீட்டர் மூன்றாகும். புதுச் சேலை, புது ஜிப்பா, எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுச் செருப்பு.

சாயங்காலம் குழந்தைகளோடு குடும்பங்கள். அவர்களுக்கு உட்கார்ந்து சாப்பிடும் மசாலா தோசை. பதினொரு மணிக்கு மேல் இளசுகள். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எழுகிற பசி இருக்கிறதே, அதுதான் பசி. அந்த நேரத்தில் ராஜா எக் ரோல்தான், நான் சைவக் கடைக்காரன், ரோலோடு போட்டி போட முடியாது. அதன் சூட்சுமத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கையில் பிடித்து நடந்தபடியே தின்னும்படி தோசையைச் சிறிதாக வார்த்து, மசாலாவைத் தண்ணீர் சுண்டக் கிளறி, கெட்டிச் சட்னியை உள்ளேயே தடவி, இறுகச் சுருட்டிக் காகிதத்தில் அடிப்பக்கம் மடித்துக் கொடுப்போம். சாம்பார் கிடையாது. "அண்ணா, சாம்பார்?" என்று கேட்கிற வங்காளிகளுக்கு அது கொஞ்சம் மனக்குறைதான். நடுத்தெருவில் புதுச் சேலையில் சாம்பார் கொட்டினால் யார் பதில் சொல்வது?

பூஜை நாட்களில் மற்ற கடைக்காரர்கள் பெஞ்சைத் தூக்கி உள்ளே போடுவார்கள், உட்கார்ந்தால் வியாபாரம் ஓடாது என்று. நான் இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போடுவேன். செருப்புக் கடித்த ஒரு பெண் உட்கார்ந்தால் கூட வந்த நாலு பேரும் நிற்பார்கள். நிற்கிறவர்கள் தின்பார்கள். கல்லாவில் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரும் வைத்திருக்கிறேன், அதற்குக் காசு வாங்குவதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையைப் பெண்களுக்குத் திறந்துவிடுவோம், சுத்தம் செய்வதற்கென்றே ஓர் ஆளைப் போட்டு. தெருவில் இத்தனை லட்ச ரூபாய் விளக்கு எரியும்போது ஒரு பெண் ஒதுங்க இடமில்லாமல் தவிப்பது எனக்குப் புரியாத கணக்கு.

பூஜைக்குக் கொல்கத்தா வருகிறவர்கள் இரவு எட்டு மணிக்கே ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அடுத்ததை இரண்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். செருப்பு மட்டும் பழையதாகப் போட்டு வாருங்கள்.