பத்தியமும் பச்சை உடம்பும்

ஆஸ்பத்திரிக்குச் செல்லும் எம்மவர், குளிசைப் பையைக் கையில் வாங்கிய மறுகணமே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஐயா, என்ன பத்தியம்?" என்பதே அது. "ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம்" என்று இளம் டாக்குத்தர் விடையிறுப்பார். அவ்வளவில் அந்தக் குளிசையின் மேலிருந்த நம்பிக்கையிற் பாதி கரைந்துவிடும். கத்தரிக்காய் கிரந்தி, உருளைக்கிழங்கு வாய்வு, இளநீர் குளிர்ச்சி என்று உண்ணும் பொருளையெல்லாம் வகுத்து வைத்திருக்கும் சமூகம் எம்முடையது. அதன் காதில் 'எல்லாம் சாப்பிடலாம்' என்பது அக்கறையின்மையாகவே ஒலிக்கின்றது. டாக்குத்தர் உண்மையையே கூறினார். ஆயினும், நோயாளி அம்மருந்தை மூன்று நாளில் நிறுத்திவிட்டுப் பரியாரியாரிடம் போய்விட்டால் அவ்வுண்மையால் யாருக்கு என்ன பயன்?

நோய் உடம்பில் வருவது. ஆனால் அது வளர்வதும் தேய்வதும் வீட்டிலேயே. யார் சமைக்கின்றார், யாருடைய சொல் அடுக்களையில் எடுபடுகின்றது, ஆஸ்பத்திரிக்குப் போவதை யார் தீர்மானிக்கின்றார், பெண்பிள்ளை எத்தனையாம் வகுப்பு வரை படித்தாள் என்பனவெல்லாம் நாடித் துடிப்பைப் போலவே அறியப்பட வேண்டியவை. இதனை ஆராய்வதற்கென இன்று பல்கலைக்கழகங்களிலே தனித் துறைகள் இருக்கின்றன. எமது மண்ணிலோ 19 ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் இதனைத் தம் போக்கில் உணர்ந்து செயற்பட்டார். அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தவர். மேனாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்து, 60 இற்கும் மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவரும் அவர்தம் மாணவரும் உழைத்ததனால் தமிழில் வந்தவை. மாணவர் சுதேச உடையைக் கைவிட்டு அந்நியராக மாறிவிடலாகாது என்றும் அவர் விரும்பினார். மதம் பரப்ப வந்தவரே எனினும், நோயாளியின் மொழியிற் பேசாத வைத்தியம் வாசற்படியைத் தாண்டாது என்பது அவருக்கு விளங்கியிருந்தது. 1873 இல் தாய்நாடு திரும்பிய பின்னரும், 1884 இல் இறக்கும்வரை தமிழ் மொழிபெயர்ப்பு வேலையை அவர் விட்டாரல்லர்.

அவரை நாம் நினைக்க நேர்ந்தது எமது பெறாமகளின் பிரசவத்தின்போது. ஆஸ்பத்திரியிலே சுகமாக ஆண் குழந்தை பிறந்து, இரண்டாம் நாள் வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் அம்மம்மாவின் ஆட்சி தொடங்கிற்று. 31 நாள் துடக்கு. வடக்குப் பக்கத்து அறையின் யன்னல்கள் சாத்தப்பட்டன. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் அம்மியில் அரைபட்டுச் சரக்குக் கறி வீடெங்கும் மணந்தது. இதிலே குறை சொல்ல எமக்கு ஒன்றுமில்லை. பெற்றவள் ஒரு மாதம் அடுப்படிக்குப் போகாமற் படுத்திருப்பதும், கண்டவர் நின்றவர் வந்து பச்சைக் குழந்தையைத் தூக்காமல் இருப்பதும் துடக்கின் பெயரால் நடந்தாலும் நல்லவையே. (ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி ஒட்டினாலும் இவ்வளவு ஒழுங்காக நடவா.)

ஆனால் தண்ணீர்? சோற்றோடு ஒரு மிடறு சுடுதண்ணீர், அதற்குமேல் இல்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு வைத்துவிடும், புண் ஆறாது என்பது அம்மம்மாவின் தீர்ப்பு. வெயிலோ சித்திரை வெயில். நான்காம் நாள் பிள்ளையின் உதடு வெடித்து, தலை சுற்றி, எழும்பி நிற்க மாட்டாதவளானாள். பால் போதாமற் குழந்தை வீரிட்டழுதது. உடனே கற்கண்டுத் தண்ணீர் காய்ச்சப்பட்டது, குழந்தைக்கு! தண்ணீர் வேண்டாத குழந்தைக்குத் தண்ணீர், வேண்டிய தாய்க்கு இல்லை. பெறாமகள் ஆசிரியையாக இருப்பவள், இவையெல்லாம் அறியாதவளல்லள். ஆயினும் அம்மம்மாவை எதிர்த்துப் பேச அவளுக்கும் மனம் வரவில்லை, அவளுடைய தாய்க்கும் வரவில்லை. ஆண்கள் அந்த அறை வாசலிலேயே நிற்க வேண்டியவர்கள்.

அன்று பகல் குடும்பநல உத்தியோகத்தர் வந்தார். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். குழந்தையை நிறுத்துப் பார்த்தார். தாயின் நாக்கைப் பார்த்தார். யாரையும் ஏசவில்லை. அம்மம்மாவின் பக்கத்தில் நிலத்திலே அமர்ந்துகொண்டார்.

"ஆச்சி, நீங்கள் எத்தினை பெத்தனீங்கள்?"

"ஒன்பது, பிள்ளை. ஏழு தப்பினது."

"உங்களுக்கு ஆர் சரக்கரைச்சுத் தந்தது?"

பேச்சு அவ்வாறே நீண்டது. தண்ணீர் கொடுக்கலாகாது என்று யார் சொன்னார் என்ற கேள்விக்கு அம்மம்மா சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "எங்கட சின்னம்மா பிள்ளைப்பெத்துக் கிடந்தவ. மாரி வெள்ளம் கிணத்துக்கை இறங்கினது. அந்தத் தண்ணி குடிச்சு வயித்தாலை போய்ச் செத்தவ. அண்டையிலை இருந்து எங்கட அம்மா ஒருத்தருக்கும் குடுக்க விடேல்லை" என்றார்.

அந்த வீட்டில் எவரும் அதற்குமுன் கேட்டறியாத செய்தி அது. சுண்ணக்கல் நிலத்திலே ஆழமற்ற கிணறுகளையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தில், கழிவும் மழைவெள்ளமும் கிணற்று நீரோடு கலப்பது இன்றைக்கும் தீராத கவலை. மூதாட்டியின் விதி மூடத்தனத்திற் பிறந்ததன்று. ஒரு சாவிற் பிறந்தது. ஊரெங்கும் உள்ள வழக்கத்துக்கு இதுவே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்த வீட்டில் அது அத்துணை இறுகிப் போனதற்குக் காரணம் இதுதான்.

"அப்ப, நல்லாக் கொதிக்க வைச்சு, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டுக் குடுப்பமே, ஆச்சி? அதுவும் சரக்குத்தானே" என்றார் அப்பெண். அம்மம்மா சிறிது யோசித்தார். பின்னர் தாமே எழுந்துபோய்ப் பெரிய பானையை அடுப்பில் வைத்தார். மாலைக்குள் பிள்ளை நான்கு செம்பு மல்லித் தண்ணீர் குடித்தாள். யன்னலும் ஒன்று திறக்கப்பட்டது. அதற்கு எவரும் அனுமதி கேட்கவில்லை. இரண்டு நாளிற் பால் ஊறிற்று.

இலங்கையில் 1930களிலே, ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2000 தாய்மாருக்கு மேல் பிரசவத்தினால் இறந்தனர். 2010களின் இறுதியில் அத்தொகை ஏறக்குறைய 30 ஆகக் குறைந்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளும் புதிய மருந்துகளும் இதிற் பெரும் பங்குடையன என்பதில் ஐயமில்லை. ஆயினும், 1926 இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழியே, வீடு வீடாக நடந்துசென்ற மருத்துவமாதரின் கால்களை நாம் மறத்தலாகாது. செல்வம் மிகாத நாடுகள் சில எவ்வாறு மரணத்தைக் குறைத்தன என்று ஆராய்ந்த ஜோன் கால்ட்வெல் என்னும் அறிஞர், 1986 இல் வெளியிட்ட கட்டுரையில் இலங்கையையும் கேரளத்தையும் கொஸ்தாரிக்காவையும் எடுத்துக்காட்டினார். பெண்களின் கல்வியும், வீட்டிலே அவர்களுக்கிருந்த சுயாதீனமும் அவர் கண்ட காரணங்களுள் முதன்மையானவை. 1945 இல் வந்த இலவசக் கல்வி எழுத்தறிவை மாத்திரம் தரவில்லை என்று கொள்ளலாம். எனினும் எமது பெறாமகள் பட்டதாரியாயிருந்தும் நான்கு நாள் தாகத்தோடு கிடந்தாளே! படிப்பு ஒன்றே அறைக் கதவைத் திறந்துவிடும் என்பார், அந்த அறைக்குள் இருந்து பார்த்தவரல்லர்.

31 ஆம் நாள் துடக்குக் கழிந்து வீடு கழுவியபின், அந்த உத்தியோகத்தர் மறுபடியும் வந்தார். குழந்தை நன்றாக நிறை கூடியிருந்தது. அம்மம்மா மகிழ்ந்து வெற்றிலைத் தட்டத்தை நீட்டினார். மறுத்தால் அவமதிப்பு. அவர் ஒரு வெற்றிலையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "ஆச்சி, ஒருக்கா வாயைத் திறவுங்கோ பாப்பம்" என்றார். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அறுபது ஆண்டு மென்ற வாய். உட்கன்னத்தில் வெள்ளையாக ஒரு படை தெரிந்தது. புற்றுநோய்க்கு முன்னறிகுறியாகவும் இருக்கலாம், ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், பல் வைத்தியர் பார்த்தே சொல்ல வேண்டும் என்று எம்மிடம் தனியே கூறிய அவர், அம்மம்மாவிடம், "வாற புதன்கிழமை என்னோட கிளினிக்குக்கு வாறியளோ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மம்மா தட்டத்தை மடியிலே இழுத்து வைத்துக்கொண்டார்.

"பாக்கை விடச் சொல்லாட்டால் வாறன்" என்றார்.