இரண்டாம் நாளை யாரும் போட்டோ எடுப்பதில்லை

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை ரொம்பச் சுலபம். மாவட்டங்களிலிருந்து படங்கள் வந்து குவியும். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தை, ரோஜாப்பூ நீட்டும் தலைமையாசிரியர், பலூன் கட்டிய வாசல். ‘அடம்பிடித்த மழலைகள்... அரவணைத்த ஆசிரியர்கள்’ என்று ஒரு தலைப்பு. மதியத்துக்குள் ஆல்பம் ரெடி. மறுநாள் அந்தக் குழந்தை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

பார்த்துவிடலாம் என்றுதான் 2025 ஜூனில் ஒரு வாரம் லீவு போட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் என் சித்தி இடைநிலை ஆசிரியை. “உக்காந்து பாரும்மா, செல்போனை மட்டும் வெளியே எடுக்காத” என்று சொல்லி அனுமதித்தார் தலைமையாசிரியர்.

ஈராசிரியர் பள்ளி அது. கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். இங்கே மொத்தமே 34 பேர். 4, 5-ம் வகுப்புகள் தலைமையாசிரியருக்கு. 1, 2, 3 மூன்றும் ஒரே அறையில் சித்திக்கு. ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்தவர்கள் 7 பேர். ஏழுதானே என்று தோன்றும். இரண்டு பேர் அழ, ஒருவன் வாசலை நோக்கி ஓட, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அப்படித் தோன்றாது.

ஜூன் 2, திங்கட்கிழமை ஓரளவு அமைதியாகவே போனது. புதுப் புத்தகம், புது நோட்டு, கையில் சாக்லேட். ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உண்மையான அழுகை செவ்வாய்க்கிழமைதான். “நேத்துதான் வந்தேன்ல... இன்னைக்குமா?” என்று ஒரு சிறுமி சித்தியிடம் நியாயம் கேட்டாள். இது தினமும் நடக்கப்போகிற விஷயம் என்று புரிந்த நாள் அது.

வருகைப் பதிவு இப்போது செல்போன் செயலியில். சித்தி பெயர் சொல்லிக் கூப்பிட, அதே சிறுமி திரும்பியே பார்க்கவில்லை. ஜாதகம் பார்த்து வைத்த அந்தப் பெயரை வீட்டில் ஒருவரும் கூப்பிட்டதில்லையாம். அங்கே அவள் ‘குட்டிம்மா’. இதற்கென்றே சித்தியிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. வீட்டில் கூப்பிடும் பெயர், கொண்டுவந்து விடுபவர் யார், எதற்குப் பயம் என்று மூன்று கட்டம். எந்த அதிகாரியும் கேட்காத ரெக்கார்டு. அந்த வாரம் அதிகம் புரட்டப்பட்டது அதுதான்.

திங்கட்கிழமை முதல் பாடம் ‘அ’ இல்லை. ஏழு பேரையும் ரயில் மாதிரி கோக்கவைத்து, தண்ணீர்க் குழாய், சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் சித்தி சுற்றிக் காட்டினார். “அவசரம்னா எந்திரிச்சு சொல்லணும்” என்று ஒத்திகையும் நடந்தது. அப்படியும் புதன்கிழமை ஒரு பையன் இருந்த இடத்திலேயே நனைத்துவிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். சித்தி திட்டவில்லை. அவனைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், பீரோவில் எடுத்து வைத்திருந்த பழைய டவுசர் ஒன்றை மாட்டிவிட்டார். அப்படி நாலைந்து டவுசர் அங்கே எப்போதும் இருக்கும்.

சாயந்திரம் அவன் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். இவனை வளர்ப்பது அப்பத்தா. “வரமாட்டேன்னு அழுவுறான் டீச்சர். பேசாம திருப்பூருக்கே கூட்டிக்கிறேன்னு இவங்கப்பன் சொல்றான்” என்றார். எனக்குத் திக்கென்றது. அங்கே பகல் முழுக்கப் பூட்டிய அறையில் இவனை யார் பார்ப்பார்கள்?

சித்தி அவசரப்படவில்லை. காபியை வாங்கிக் குடித்துக்கொண்டே, “வீட்டுல எங்க போவான்?” என்று கேட்டார். கருவக்காட்டுப் பக்கம்தான் என்றார் அப்பத்தா. விஷயம் அங்கே இருந்தது. கழிப்பறையின் இரும்புக் கதவும் உள்ளே இருக்கும் இருட்டும்தான் அவனை மிரட்டியிருக்கின்றன. நோட்டில் மூன்றாவது கட்டத்தில் ‘கதவு’ என்று எழுதிக்கொண்டார் சித்தி. “நாளைக்கு நீங்களும் கூட வாங்க. பத்து நிமிஷம் திண்ணையில உக்காந்துட்டுப் போங்க.”

வியாழக்கிழமை அப்பத்தா வந்து உட்கார்ந்தார், பத்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம். அவனும் காலை உணவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். 2022-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் இது. பசியோடு அழுகிற பிள்ளையை எதைக் காட்டியும் சமாதானம் செய்ய முடியாது என்பது சித்தியின் அனுபவம்.

அன்றைக்கு ஓர் அப்பா வந்து கொஞ்சம் கறாராகவே கேட்டார்: “பக்கத்து வீட்டுப் பொண்ணு இங்கிலீஷ் ஸ்கூல்ல ரெண்டு பக்கம் ஹோம்வொர்க் எழுதுது. எம்புள்ள நாலு நாளா களிமண்ணு உருட்டுறான்?” கேள்வியில் தப்பில்லை. ஆனால், பென்சில் பிடிக்கிற பலம் விரலுக்கு அந்தக் களிமண்ணில்தான் வருகிறது. புளியங்கொட்டையை எண்ணிப் பிரிப்பதும் பாடம்தான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அரும்பிலேயே ரெண்டு பக்கம் கேட்டால் எப்படி? சித்தி இதையெல்லாம் விளக்கவில்லை. மகன் உருட்டிய களிமண் பாம்பை வளைத்து ‘ட’ ஆக்கிக் காட்டினார். அப்பா பாதி சமாதானத்தோடு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். அப்பத்தா அன்று வாசலோடு திரும்பிப் போயிருந்தார். பையன் எழுந்து நின்றான். ஐந்து நாளில் அவன் குரலை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

“டீச்சர், ஒண்ணுக்கு!”

மூன்று வகுப்புக்கும் கேட்கிற சத்தம். “போயிட்டு ஓடி வா” என்றார் சித்தி. கதவை மூடாமல் பிடித்துக்கொள்ள, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பெரிய மனுஷன் தோரணையில் பின்னால் நடந்தான். அவர்கள் வாசல் தாண்டுவதற்குள் மிச்சமிருந்த ஆறு பேருக்கும் அவசரம் வந்துவிட்டது.