அந்த ‘அண்ட்’ யாரைச் சேர்த்தது?

உயில் ஒரே பக்கம். கோடு போட்ட முழுத்தாளில் நீல மையில் எழுதிய, அடித்தல் திருத்தல் இல்லாத ஆங்கிலம். எழுதியவர் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. மணம் செய்துகொள்ளாதவர். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பெண்களின் தலையில் ஏற்றியே தீருவது என்று பிடிவாதமாக இருந்தவர் என ஊரில் சொல்வார்கள். வக்கீலிடம் போகாமல் உயிலைத் தாமே எழுதினார். உடன் வேலை பார்த்த இரண்டு ஆசிரியைகளைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்தார். சட்டத்துக்கு அது போதும்.

வழக்கைக் கொண்டுவந்தது அதன் இரண்டாவது வாக்கியம். வீட்டையும் மனையையும் ‘டு மை நீஸ் அண்ட் ஹெர் சில்ட்ரன்’ என்று எழுதியிருந்தார். நீஸ் என்றது அவருடைய அண்ணன் மகளை. அந்த அம்மாளுக்கு ஒரு மகன், ஒரு மகள். ஆசிரியை காலமாகிச் சில ஆண்டுகள் கழித்து, கணவரின் வியாபாரக் கடனை அடைக்க அந்த அம்மாள் வீடு முழுவதையும் விற்றுவிட்டார். மகன் கிரயப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவள்தான் என் கட்சிக்காரி. மூன்றில் ஒரு பங்கு தன்னுடையது என்பது அவள் வழக்கு.

வீட்டை வாங்கியவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. முறையாகச் சட்டக் கருத்து வாங்கி, முழு விலை கொடுத்துத்தான் வாங்கியிருந்தார். அவருக்குக் கருத்து எழுதிக் கொடுத்த வக்கீலும் அவசரப்பட்டு எழுதவில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 97-வது பிரிவைப் புரட்டினால் யாரும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். ஒருவருக்குச் சொத்தை எழுதி, அவர் பெயரோடு ஒரு வகுப்பாரைக் குறிக்கும் சொற்களையும் சேர்த்திருந்தால், அந்த வகுப்பாருக்குத் தனிக் கொடை என்று காட்டாதவரை, முதலில் சொன்னவருக்கே முழுச் சொத்தும் சேரும் என்கிறது அந்தப் பிரிவு. கீழே உதாரணமும் இருக்கிறது. ‘ஏ-க்கும் அவர் பிள்ளைகளுக்கும்’ என்று எழுதினால் முழுவதும் ஏ-க்கு. அடுத்த உதாரணம், ‘ஏ-க்கும் அவர் சகோதரர்களுக்கும்’. இங்கே எல்லாரும் கூட்டாகப் பெறுகிறார்கள்.

இரண்டு வாக்கியங்களின் கட்டும் ஒன்றே, நடுவில் நிற்கும் ‘அண்ட்’டும் ஒன்றே. ஆங்கில இலக்கணப்படி அது சமநிலையில் உள்ளவற்றை இணைக்கும் சொல். சகோதரர்கள் வந்தால் அது இணைக்கிறது. பிள்ளைகள் வந்தால், ‘வழிவழியாக ஆண்டு அனுபவி’ என்று நம் பத்திரங்களில் எழுதுவதைப் போல, கொடையின் முழுமையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 1865-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இந்த விதி நம்மிடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் இதே சொற்றொடர் வேறு வழியில் போயிற்று. 1599-இல் முடிவான வைல்டு வழக்கை எட்வர்டு கோக் தம் தொகுப்பில் பதிவு செய்திருக்கிறார். ஒருவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் என்று நிலத்தை எழுதும்போது பிள்ளைகள் உயிரோடு இருந்தால், அவர்களும் பெற்றவரோடு சேர்ந்து பெறுவார்கள் என்பது அந்த வழக்கில் பிறந்த விதி. என் கட்சிக்காரி இங்கிலாந்தில், அந்த விதி நடந்த காலத்தில் பிறந்திருந்தால் வாதம் எளிதாக முடிந்திருக்கும். நமக்கு 97 இருக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பிரிவே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உயிலில் வேறு எண்ணம் தெரிந்தால் இந்த விதி பொருந்தாது. ஆகவே தேட வேண்டிய இடம் அந்த ஒரே பக்கம்தான்.

பிராது தயாரிக்க உட்கார்ந்தபோது மூன்றாவது வாக்கியத்தைச் சுட்டிக் காட்டியவள் அந்தப் பெண். ‘இஃப் எனி ஆஃப் தெம் டைஸ் பிஃபோர் மீ, ஹிஸ் ஆர் ஹெர் ஷேர் ஷல் கோ டு தி அதர்ஸ்’ என்று அது போகிறது. தமக்கு முன்னால் அவர்களில் யாராவது இறந்தால், அவனுடைய அல்லது அவளுடைய பங்கு மற்றவர்களைச் சேர வேண்டும்.

“வீடு அம்மாவுக்கு மட்டும்னா, ‘ஹிஸ்’ யாரு ஸார்? அண்ணனைச் சேக்காம ஆச்சி எப்படி அத எழுதியிருப்பாங்க? ஒரு ‘ஹிஸ்’ஸுக்கு என்னை முட்டி போட வச்சவங்க ஸார் அவங்க.”

அந்தப் பக்கத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது. இரண்டாவது வாக்கியத்தின் ‘அண்ட்’ யாரைச் சேர்க்கிறது என்பதற்கு மூன்றாவது வாக்கியத்தின் ‘ஆர்’ பதில் சொல்கிறது. கொடை பெறுபவர் ஒரு பெண் மட்டும் என்றால் ‘ஹெர்’ போதும். மகன் ஒருவனே அந்த மூவரில் ஆண். ‘ஆர்’ அவனுக்கும் இடம் விட்டு நிற்கிறது. முழுச் சொத்தும் ஒருவருக்கே என்றால் ‘ஷேர்’ என்ற சொல்லுக்கு வேலையில்லை. இன்னொன்றும் உண்டு. இருவரில் ஒருவர் என்றால் ‘ஐதர்’, இரண்டுக்கு மேல் என்றால் ‘எனி’ என்பது ரென் அண்ட் மார்ட்டின் காலத்துப் பாடம். அவர் ‘எனி’ என்று எழுதியிருந்தார். அம்மா, மகன், மகள். மூன்று பேர்.

விசாரணையில் உயிலை நிரூபிப்பது சிரமமாக இல்லை. ஆசிரியையைப் போன்ற இந்தியக் கிறிஸ்தவர்களின் உயிலுக்குப் புரொபேட் என்ற நீதிமன்றச் சான்று கட்டாயம் என்ற நிலையை 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றிவிட்டது. சாட்சிகளில் ஓர் ஆசிரியை உயிரோடு இருந்தார். நடக்கவே தள்ளாடினாலும் கூண்டில் நிமிர்ந்து நின்றார். எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் குறுக்கு விசாரணையில் அவரும் ஆங்கில ஆசிரியை என்பதை வரவழைத்துக்கொண்டு, “அப்படியென்றால் ‘அண்ட்’ என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டு என்று சொல்லுங்கள் அம்மா” என்றார். அந்த அம்மையார் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்தேன். அதற்குள் நீதிபதியே கேள்வியைத் தள்ளிவிட்டார். கையெழுத்துக்குத்தான் சாட்சி, எழுத்தின் பொருளைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. சட்டப்படி அது சரி. ஆனால் அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. வழக்கு முடியும்வரை கேட்பது முறையில்லை. முடிந்தபோது அவர் இல்லை.

எதிர்த்தரப்பு வாதம் வலுவானது. ‘அண்ட்’ எப்போதும் சேர்த்தே தீரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1968-இல் ஈஸ்வர் சிங் பிந்த்ரா வழக்கில் மருந்துச் சட்டத்திலுள்ள ‘அண்ட்’டை உச்ச நீதிமன்றமே ‘ஆர்’ என்று படித்திருக்கிறது. ஆகவே இலக்கணப் புத்தகத்தை வைத்து உயிலைப் படிக்க முடியாது என்றார் அவர். ‘ஹிஸ் ஆர் ஹெர்’ என்பது எல்லாப் பத்திரங்களிலும் வரும் சம்பிரதாயச் சொல், அதில் மகனைத் தேடுவது வீண் என்றார். மூன்றாவது வாக்கியத்துக்கு அவர் சொன்ன பொருள், அண்ணன் மகள் முந்தி இறந்துவிட்டால் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்ற முன்னேற்பாடு. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று முடித்தார்.

சார்பு நீதிமன்றம் அதை ஏற்றது. சட்டத்தின் உதாரணமும் உயிலின் வாசகமும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும்போது வேறு எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும், சம்பிரதாயச் சொல்லிலிருந்து அது தெரியாது என்று எழுதி வழக்கைத் தள்ளுபடி செய்தது. நியாயமான நீதிபதி, தீர்ப்பும் கவனமாக எழுதப்பட்டிருந்தது. நான் உடன்படவில்லை, அவ்வளவுதான்.

மாவட்ட நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு. அங்கே நான் ஓர் இங்கிலாந்து வழக்கை நம்பிப் போனேன். சஸ்ஸெக்ஸைச் சேர்ந்த கேலப் டிப்லாக் என்ற செல்வந்தர் 1936-இல் இறந்தார். மிச்சச் சொத்து ஏறத்தாழ இரண்டரை லட்சம் பவுண்டு. அதைத் தர்ம காரியங்களுக்கு ‘ஆர்’ நற்காரியங்களுக்குக் கொடுக்கும்படி உயில். நிறைவேற்றுபவர்கள் நல்லெண்ணத்தோடு நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகளுக்குப் பணத்தைப் பகிர்ந்தளித்துவிட்டார்கள். அதன் பிறகு உறவினர்கள் வந்தார்கள். ‘ஆர்’ என்றால் வேறொன்று என்று பொருள். தர்மம் சட்டம் அறிந்த சொல், நற்காரியம் எல்லையில்லாத சொல். எல்லையில்லாத நோக்கத்துக்குக் கொடை செல்லாது என்றார்கள். இரண்டாவது சொல் முதல் சொல்லின் விளக்கம்தான் என்று எதிர்ப்பக்கம் மன்றாடியது. 1944-இல் பிரபுக்கள் சபை உறவினர்கள் பக்கம் நின்றது. லார்டு ரைட் ஒருவர் மட்டும் மாறுபட்டார். கொடுத்த பணத்தை அமைப்புகளிடமிருந்து மீட்கும் வழக்கு 1950-கள் தொடங்கிய பிறகும் ஓடிற்று.

அந்தத் தீர்ப்பின் முடிவு எனக்குப் பிடித்ததில்லை. நல்லது செய்ய நினைத்த ஒரு மனிதரின் பணம் ஒற்றை இணைப்புச் சொல்லில் விழுந்ததைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஆனால் அதன் முறை எனக்கு வேண்டியிருந்தது. இரண்டாவது சொல்லை அலங்காரம் என்று ஒதுக்க அந்த நீதிபதிகள் மறுத்தார்கள். எழுதிய சொல்லுக்கு ஒரு வேலை உண்டு என்று பிடித்துக்கொண்டார்கள். நம் சட்டத்தின் 85-வது பிரிவும் அதைத்தான் கேட்கிறது: நியாயமான பொருள் கொள்ள முடிகிறவரை உயிலின் எந்தப் பகுதியையும் பொருளற்றது என்று தள்ளக்கூடாது. அப்படியானால் ‘ஹிஸ்’ஸுக்கு என்ன வேலை? எதிர்த்தரப்பு சொல்லும் பொருளில் அதற்கு வேலையே இல்லை. அண்ணன் மகள் மட்டும் முந்தி இறப்பதைப் பற்றிய வாக்கியமென்றால் அங்கே ஆண் எதற்கு?

சம்பிரதாயச் சொல் என்ற வாதத்துக்கும் அந்தப் பக்கத்திலேயே பதில் இருந்தது. புத்தகங்களைப் பள்ளி நூலகத்துக்கு ‘ஆர்’, பள்ளி ஏற்காவிட்டால், சர்ச்சுக்கு என்று எழுதியிருந்தார். ஒன்று இல்லையென்றால் மற்றொன்று என்று சொல்ல வேண்டியபோது எந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் மகளுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு என்று நினைத்திருந்தால் அங்கேயும் ‘ஆர்’ போட்டிருப்பார். 96-வது பிரிவு அதற்கென்றே இருக்கிறது: ‘ஏ-க்கு அல்லது பி-க்கு’ என்று எழுதி ஏ உயிரோடு இருந்தால் பி-க்கு ஒன்றும் இல்லை. நகைகளைத் தம் இரண்டு தோழிகளுக்கு ‘அண்ட்’ போட்டு எழுதியிருந்தார். அவர்கள் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டதை யாரும் மறுக்கவில்லை. ஒரே உயிலில் மீண்டும் வரும் சொல்லுக்கு ஒரே பொருள் என்பது 86-வது பிரிவு. பிந்த்ரா வழக்கைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை. அது சட்டமன்றம் இயற்றிய மருந்துச் சட்டம். இது ஒரு பெண்மணி தம் மேசையில் உட்கார்ந்து எழுதிய தாள். எழுதியவரின் இடத்தில் இருந்து, எழுதிய சொற்களிலிருந்தே அவர் எண்ணத்தைக் காண வேண்டும் என்று, குடியரசு பிறந்த புதிதிலேயே ஞானாம்பாள் அம்மாள் எதிர் ராஜு ஐயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி காட்டிவிட்டது. அந்த வழக்கும் நம் சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான்.

மாவட்ட நீதிபதி உயிலின் அசலை வரவழைத்து, மேசை விளக்கை இழுத்து வைத்து வெகுநேரம் படித்தார். ‘ஹிஸ் ஆர் ஹெர்’, ‘ஷேர்’, ‘அதர்ஸ்’ மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது பிள்ளைகள் நேரடியாகக் கொடை பெறுபவர்களே என்றும், 97-வது பிரிவு எதிர்பார்க்கும் மாறான எண்ணம் உயிலிலேயே தெரிகிறது என்றும் தீர்ப்பளித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு முதல்நிலைத் தீர்ப்பாணை கிடைத்தது.

வாங்கியவர் மதுரைக் கிளைக்கு இரண்டாம் மேல்முறையீடு கொண்டுபோனார். அது நிலுவையில் இருக்கும்போதே பேச்சு தொடங்கியது. வீட்டைத் துண்டாக்க வழியில்லை. அவரும் அங்கே குடியேறியிருந்தார். அன்றைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பணமாகத் தர ஒப்புக்கொண்டார். பெண்ணும் சம்மதித்தாள். அம்மாவோடு அதற்குள் அவள் பேச ஆரம்பித்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தது, நான் கேட்கவில்லை.

சமரச மனுவின் வரைவு எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. தொகையை ‘டு தி பிளெய்ன்டிஃப் அண்ட் ஹெர் ஃபேமிலி’ செலுத்துவதாக எழுதியிருந்தார்கள். இனி யாரும் உரிமை கோரக்கூடாது என்ற முன்யோசனையில் எழுதியது, தவறான நோக்கம் ஏதுமில்லை. உரிமை கோரமாட்டோம் என்று அம்மாவும் அண்ணனும் தனிப் பத்தியில் கையெழுத்துப் போடட்டும் என்று சொல்லி, ‘பிளெய்ன்டிஃப்’ என்பதற்குப் பின்னால் இருந்த மூன்று சொற்களையும் அடித்துக் கொடுத்தேன். மூத்த வக்கீல் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். வரைவோலை அவள் பெயரில் மட்டும் வந்தது.