கிதோனை உயர்த்தினேன்

காரைக்காலில் பிறந்தவன் திருவாலங்காட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்பவர்களிடம், "காரைக்கால் அம்மையாரே இங்கேதானே வந்து சேர்ந்தார்" என்பேன். உண்மையில் இது என் மனைவியின் ஊர். ஓய்வுபெற்றதும் என் பழைய புல்லட்டோடு வந்து சேர்ந்தேன்.

போன வருடம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க வங்கிக்குப் போனேன். வண்டியை விட்டு இறங்கிய கையோடு கையெழுத்துப் போட்டேன். "சார், கையெழுத்து ஒத்துவரலையே" என்றாள் அந்தப் பெண். முப்பத்தைந்து வருடம் கோப்புகளில் எழுதிய கை! கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயிருந்தன.

மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்றார் டாக்டர். "வண்டியை விடுங்க, இல்லேன்னா மணிக்கட்டை மடக்காம ஓட்டுங்க." என் மனைவிக்கு முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது.

என் வண்டி திருவொற்றியூரில் செய்தது. பழைய தொழிற்சாலை அது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். ஒவ்வொரு 'டப்'பும் கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும். அதைத் தாங்குவதுதான் ஆண்மை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திருவள்ளூரில் மெக்கானிக் தம்பி என்னை வண்டியில் உட்காரவைத்துப் பார்த்தார். "ஐயா, ஹேண்டில் உங்ககிட்ட வரல. நீங்கதான் அதைத் தேடிக் குனியறீங்க" என்றார்.

உயரமான, பின்னால் வளைந்த ஹேண்டில் பார் போட்டார். பழைய கிளட்ச் கேபிளும் பிரேக் கேபிளும் எட்டவில்லை, நீளமானவை மாற்றினார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்தார். முழங்கையிலிருந்து விரல்வரை ஒரே கோடாக வரும்படி லீவரைச் சற்றுக் கீழே இறக்கினார். அதிர்வைக் குறைக்க இரண்டு முனைகளிலும் எடைக்கட்டி, அதன்மேல் ஹேண்ட் கார்டு. மார்கழிப் பனிக்காற்றும் லாரி தெறிக்கும் சிறுகல்லும் இனி விரலில் படாது. லீவர் அதில் இடிக்காமல் முழுதாக மடங்குகிறதா என்று என்னையே பிடித்துப் பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பள்ளி நாள் நினைவு வந்தது. பிரெஞ்சில் ஹேண்டில் பாருக்குக் 'கிதோன்' என்று பெயர். நான் மளமளவென்று வளர்ந்த வருடம், எங்கள் வாத்தியார் ஸ்பேனரோடு வந்து என் சைக்கிளின் கிதோனை அவரே உயர்த்திக் கொடுத்தார். அன்று எனக்கு அது பெருமை. வளர்ந்ததற்காக உயர்த்திக்கொண்டவன், வயதானதற்காக உயர்த்த மட்டும் ஏன் வெட்கப்பட்டேன்?

மரப்பு முழுதாகப் போய்விடவில்லை. இரவில் சில சமயம் வரும். டாக்டர் தந்த பட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேன். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி விரலை உதறிக்கொள்கிறேன். என் வயதுக்காரர்களுக்கும் அதையே சொல்வேன்: விரல் மரத்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், முதலில் டாக்டர், பிறகு மெக்கானிக்.

இந்த வருடம் அதே பெண் என் கையெழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினாள். வெளியே புல்லட் அருகில் என் மனைவி காத்திருந்தாள். "போலாமா?" என்று பின்னால் ஏறிக்கொண்டாள்.