செல்லும் உரிமையும் காக்கும் கடமையும்

நோயுற்றவரின் படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருப்பவர் செவிலியர். அவர் வேலை தேடி அயல்நாட்டுக்குப் புறப்படும்போது, 'தாய்நாட்டு நோயாளிகளை விட்டுச் செல்வது முறையா?' என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை அவர் ஒருவரிடம் மட்டும் கேட்பது அறமாகுமா என்பது சிந்திக்கத்தக்கது.

கேரள மாநிலத்து இளம்பெண்கள் 1960களிலேயே செவிலியப் பணிக்காக ஜெர்மனிக்குச் சென்றனர். பின்னர் வளைகுடா நாடுகளும் பிரிட்டனும் அவர்களை வரவேற்றன. அவர்கள் அனுப்பிய பணத்தால் வீடுகள் எழுந்தன. தம்பி தங்கையர் கல்வி பெற்றனர். உள்ளூரிலோ, தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கிடைத்த ஊதியம் கல்விக்கடனை அடைக்கவும் போதவில்லை. மூலச்சான்றிதழ்களை நிருவாகமே வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது. இவற்றை எதிர்த்து 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் செவிலியர் வேலைநிறுத்தம் செய்தனர். தொடர்ந்த போராட்டங்களின் பயனாக, தனியார் மருத்துவமனைச் செவிலியரின் குறைந்தபட்ச மாத ஊதியத்தை 20,000 ரூபாயாக 2018ஆம் ஆண்டில் கேரள அரசு உயர்த்தியது.

சென்ற இடத்திலும் இடர்கள் உண்டு. 2014ஆம் ஆண்டில் ஈராக்கின் திக்ரித் நகரில் 46 இந்தியச் செவிலியர் போரிடையே சிக்கி, பின்னர் தாயகம் மீண்டனர். முகவர்கள் சிலர் வேலை வாங்கித் தருவதாகக் கூறிப் பல லட்சம் ரூபாய் பறித்ததும் உண்டு. எனவே, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தனுப்பும் பணியை 2015ஆம் ஆண்டில் இந்திய அரசு, அரசு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அப்பொறுப்பை ஏற்றுள்ளது.

எனினும், செவிலியரை இழக்கும் நாட்டு நோயாளியின் துன்பமும் பொய்யன்று. 2018ஆம் ஆண்டில் உலகிற்கு மேலும் 59 லட்சம் செவிலியர் தேவைப்பட்டனர் என உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டது. அப்பற்றாக்குறையின் பெரும்பகுதி ஏழை நாடுகளைச் சார்ந்தது. அந்நாடுகள் தம் பொருள் செலவிட்டுப் பயிற்றுவித்தவரைச் செல்வ நாடுகள் செலவின்றிப் பெறுகின்றன. இதனைச் சீர்செய்யவே அவ்வமைப்பு 2010ஆம் ஆண்டில் ஒரு நடைமுறை நெறியை வகுத்தது. மருத்துவப் பணியாளர் இடம்பெயரும் உரிமையை அந்நெறி ஏற்கிறது. கடும் பற்றாக்குறையுள்ள நாடுகளில் ஆள்தேடலைத் தவிர்க்குமாறு செல்வ நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது. ஆயினும் அது கட்டாயச் சட்டமன்று. நாடுகளின் மனச்சான்றையே நம்பியிருக்கிறது.

செல்பவரைத் தடுத்து நிறுத்தினால், குறைந்த ஊதியமும் ஓய்வற்ற பணியும் அப்படியே நீடிக்கும். மனமின்றிப் பணிபுரிபவரால் நோயாளிக்கும் நன்மை விளையாது. உரிய ஊதியம், போதிய பணியிடங்கள், பாதுகாப்பான இரவுப்பணி ஆகியவற்றைத் தாய்நாடு அளித்தல் வேண்டும். பணியமர்த்தும் நாடு, தன் இளைஞரைப் பயிற்றுவிப்பதோடு, செவிலியரை அனுப்பும் நாட்டின் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் துணைநிற்றல் வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறாத வரையில், புறப்படும் செவிலியரைக் குறைகூறும் தகுதி எவருக்கும் இல்லை.