முதல் இரண்டு விநாடிச் சத்தம்

நண்பர் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. தாம்பரம் பைபாஸில் படபடவென்று அடித்து நின்றுவிட்டது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனார்கள். "டைமிங் செயின் பல்லு தாண்டிருச்சு சார். ஹெட்டை இறக்கினாத்தான் மிச்சம் தெரியும்" என்றார் மெக்கானிக். பிரிக்கும் வேலையைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிறுவயதில் புதுப்பேட்டையில் உஸ்தாதிடம் சேர்ந்து, முதலில் டீசலில் பாகங்களைக் கழுவியவர். ஸ்பானரைத் தொடவே வருஷக்கணக்கில் ஆனதாம். "அதுக்குள்ள காது பழகிடுச்சு" என்றார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்பார். எந்தப் பக்கம் கோளாறு என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைக் காப்பது செயின். கணக்குத் தப்பினால், மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்து நிற்கும். மேலே ஏறும் பிஸ்டன் அதில் மோதும். நண்பரின் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. வளைந்த வால்வுகளை பாய் தகரத் தட்டில் வரிசையாக வைத்தார். நண்பர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு பழைய செயினையும் புதியதையும் சுவரில் ஒரே ஆணியில் மாட்டினார். பழையது கீழே இறங்கித் தொங்கியது. இரும்பு நீள்வதில்லை, ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் துளையும் தேய்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம், மொத்தமாகச் சேர்ந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு எட்டாத தொய்வாகிவிடுகிறது. பெரும்பாலான இன்ஜின்களில் டென்ஷனரைத் தள்ளுவது ஆயில் அழுத்தம். இரவெல்லாம் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும், ஆயில் மேலே ஏறும்வரை தளர்ந்த செயின் கடகடவென்று அடிக்கும். இரண்டு விநாடிதான். பிறகு அமைதியாகிவிடும். ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டி முதலில் சொல்லும் புகார் இது.

ஹெட் லேத்துக்குப் போய் வந்த கதையை விட்டுவிடுகிறேன். எனக்கு முழுக்க விளங்கவில்லை. பாய் துணியில் சுற்றி வைத்திருந்த லாக் பின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரல் நீள எஃகுத் துண்டு. செயின் மாட்டும்போது கிராங்கும் கேமும் அசையாமல் பிடிப்பது இதுதான். சில இன்ஜின்களில் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டுக்குக் கீயே கிடையாது; போல்ட்டின் இறுக்கம்தான் பிடிமானம். பின் இல்லாமல் பெயிண்ட் குறி வைத்து மாட்டுகிறவர்களும் உண்டு. பாய் பின்னை எடுத்த பிறகும் சாவியைத் தொடவில்லை. கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கும் தட்டவில்லை. அப்புறம்தான் ஸ்டார்ட்டர்.

இங்கே அதிகம் வருவது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின். 1248 சிசி. மாருதி, டாடா, ஃபியட் மூன்றும் இதைப் பொருத்திக் கார் விற்றன. அதில் செயின் தாண்டினால் பெரும்பாலும் ராக்கர் ஆர்ம் முதலில் உடைந்து வால்வைக் காப்பாற்றிவிடும் என்று பாய் அதை மெச்சுகிறார். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 மாசு விதி வந்ததோடு மாருதி டீசலைக் கைவிட்டது. ஆகவே இன்று கைமாறும் மாருதி டீசல் எல்லாமே வயதானவைதான். எல்லா இன்ஜினும் இப்படி இரக்கம் காட்டுவதில்லை. பிஎம்டபிள்யூவின் என்47 டீசலில் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினையே இறக்க வேண்டியிருக்கும்.

நண்பருக்கு வண்டியை முடித்துக் கொடுத்த புரோக்கர் சொன்னது: "செயின் இன்ஜின் சார், பெல்ட் மாதிரி மாத்துற செலவே இல்ல." டைமிங் பெல்ட்டுக்கு மாற்றும் கெடு உண்டு என்பதால் யாராவது கேட்பார்கள். பெரும்பாலான செயின்களுக்குக் கெடு எழுதாததால் ஒருவரும் கேட்பதில்லை. முதல் ஓனர் ஆயிலில் மிச்சம் பிடித்த சில ஆயிரம், இரண்டாம் ஓனர் தலையில் பெரும் பில்லாக விழுகிறது. மீட்டரைத் திருப்பி வைத்தவனும், வாங்குகிறவர் வருமுன் இன்ஜினைச் சூடேற்றி வைத்தவனும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அந்த முதல் இரண்டு விநாடிச் சத்தத்தைக் கேட்டதும் சொல்லக்கூடியவர் கிரீஸ் படிந்த கையோடு, "பில்லைக் கொஞ்சம் குறைங்க பாய்" என்ற பேரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குக் கூலி பேரம், மறைக்கத் தெரிந்தவருக்குக் கமிஷன்: பழைய கார் வியாபாரத்தின் நியாயம் இதுதான்.

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போங்கள். முதலில் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் அந்த வண்டி வேண்டாம் என்று சொன்னாலும், அன்றைய கூலியை முழுசாகக் கையில் கொடுத்துவிடுங்கள்.